பிறை சூடிய பெருமானும் பிணியும்

ஓசூர் மலைமேல் மரகதாம்பிகையோடு எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமம் சந்திரசூடேசுவரர். சந்திரனைத் திருமுடியில் சூடியவர் என்பது பொருள். தக்கனது சாபத்தால் நாளும் ஒரு கலையாகத் தேய்ந்து, மாயும் நிலையில் வந்து அடைக்கலம் புகுந்தான் சந்திரன். பெருமான் அவனை ஏற்றுத் தலைமேல் வைத்தார். இங்கே ஒன்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தேய்வு நின்றுவிடவில்லை. இன்றும் அவன் தேய்கிறான், வளர்கிறான். பிணி முற்றும் நீங்காதவனையே இறைவன் சுமந்துகொண்டிருக்கிறார்.

திருவதிகையில் நாவுக்கரசரின் சூலையை இறைவன் தீர்த்தருளியதைப் பெரியபுராணம் பேசுகிறது. அவ்வருளை யாம் ஐயுறுவோமல்லோம். ஆயினும் இம்மலைப் படியேறி வருவோருட் பலர் சந்திரனைப் போன்றவர்கள். தொழிற்பேட்டையில் ஷிப்டுக்கு ஷிப்டு உறக்கம் மாறி உழைப்பவர்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையவர்கள். மனங்கலங்கிய மகனைக் கைப்பிடித்து அழைத்து வரும் தாய்மார். வழிபட்டால் தீருமா என்று அவர்கள் எம்மைக் கேட்கிறார்கள்.

நம் எல்லைக்கு அப்பால், பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்களுக்கும் இதே வினா எழுந்தது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்றுண்டு. அங்கே வந்து தங்கிய மனநோயாளர் 31 பேரை, வந்தபோதும் புறப்பட்டபோதும் அவர்கள் ஆராய்ந்தனர். முடிவு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. தனிச் சடங்கு ஏதும் அங்கே செய்யப்படவில்லை. உறவினர் ஒருவர் உடன் தங்கினார், காலை வழிபாடு, கோயிலைத் துப்புரவு செய்தல், செடிக்கு நீர் வார்த்தல். நம் முன்னோர் சரியை என்று வகுத்த திருத்தொண்டு இதுவே அன்றோ! திருவலகும் நந்தவனமும் கண்ட நாவுக்கரசர் மரபினர்க்கு இது வியப்பன்று.

ஆனால் ஐந்தில் நான்கு பங்கு எஞ்சியதையும் மறைத்தல் முறையாகாது. ஆராயப்பட்டவரும் சிலரே. கோயில் துணை நிற்கிறது. அதனால் மருந்து வேண்டா என்று ஆகிவிடாது. தெய்வத்தின் பெயரால் நோயுற்றோரை ஓரிடத்தில் விட்டு அகல்வது இன்னும் கொடிது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணைத்திருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். அடைக்கலம் தேடிச் சென்ற ஊர் அது.

உடம்பை ஓம்பும் நெறியைத் திருமூலர் பாடினார். ஆகவே பிரதோட விரதம் என்று இன்சுலினை நிறுத்துவதும், மலைக்கு மாலையிட்டோம் என்று மாத்திரையை ஒதுக்குவதும் பக்தியாகா. விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். அவர் தடுத்தால் பூவும் நீரும் இட்டு வழிபட்டால் போதும், பெருமான் கணக்குக் கேட்பதில்லை. மனங்கலங்கிய மகன் உடையவர்கள் அவனைச் சிகிச்சைக்கு உரிய நாளில் பெங்களூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ தவறாது அழைத்துச் செல்லுங்கள். மற்ற நாள்களில் இங்கே அழைத்து வந்து, அவன் கையில் ஒரு நீர்க்குடத்தைக் கொடுங்கள். நீங்களும் உடன் நில்லுங்கள்.