பெருநாள் செலவும் முன்சேமிப்பும்

(ரமளானுக்கு முன்னர் நமது ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடித் தொழிற்சாலைகளிலும், பூவிருந்தவல்லிக் கடைவீதிகளிலும் உழைத்து வாழ்வோர் நம்மில் மிகுதி. 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாட்கள் இடைவெளியில் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தீபாவளிக்கென வழங்கப்பட்ட போனஸ் தொகையே அப்போது பலருடைய பெருநாள் செலவையும் தாங்கியது. இன்று நிலை வேறு. பிறை ஆண்டு 354 நாட்களைக் கொண்டது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆதலால் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, 2025, 2026 ஆகிய ஆண்டுகளில் மார்ச் மாதத்தை அடைந்துவிட்டது. போனஸோ ஐப்பசியிலேயே நிற்கிறது.

நோன்புப் பெருநாள் முடிந்து ஏறத்தாழ 70 நாட்களில் ஹஜ்ஜுப் பெருநாளும் குர்பானியும் வருகின்றன. அதையொட்டி ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம். இம்மூன்றையும் ஒருசேரச் சமாளிக்க இயலாமல் வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக் கடைக்குச் செல்கின்றன. வட்டி ஹராம் என அறிந்த நாமே, பெருநாளின் பெயரால் வட்டிக்குள் நுழைவது வேதனைக்குரியது அன்றோ?

செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைச் சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளை எதிர்கொள்ள வழிகாட்டினார்கள் யூசுஃப் நபி (அலை) அவர்கள். நமது காலத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. நிலத்தையும் கால்நடைகளையும் விற்று ஹஜ்ஜுக்குச் சென்ற மலாய்க் கிராமத்தினர், திரும்பி வந்தபின் வறுமையில் வாடுவதைக் கண்டு, வட்டியில்லாச் சேமிப்புத் திட்டம் ஒன்றைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் முன்வைத்தார். அதிலிருந்து 1963இல் உருவானதே மலேசியாவின் தாபுங் ஹாஜி நிறுவனம்.

நாம் செய்யத்தக்கவை சில உள்ளன. பெருநாளுக்கு மறுநாளே அடுத்த பெருநாளுக்கான சேமிப்பைத் துவக்குவோம். நாளொன்றுக்கு 30 ரூபாய் எடுத்து வைப்பவரிடம் 354 நாட்களில் 10,620 ரூபாய் சேர்ந்திருக்கும். பெரியவர்களுக்கான துணிகளை ஆடித் தள்ளுபடியிலும், வளரும் பிள்ளைகளுக்கானவற்றை ஷஅபான் மாதத்திலும் வாங்கிவிடுவோம். லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய கடைசிப் பத்து இரவுகளை வண்ணாரப்பேட்டையிலும் தியாகராய நகரிலும் தொலைக்க வேண்டாம். பண்டிகைச் சீட்டு என்று எவர் வந்தாலும், முறையாகப் பதிவு பெற்றதா என விசாரிக்காமல் பணம் கட்ட வேண்டாம். பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி இருக்க, பத்து வகைப் பலகாரங்களைச் செய்து மீதியைக் குப்பையில் கொட்டும் வழக்கமும் நமக்கு வேண்டாம்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. ஜகாத்தும் ஃபித்ராவும் நம் கணக்கின் முதல் வரியில் இடம்பெறட்டும். பெருநாள் தொழுகைக்கு முன்னரே ஃபித்ரா ஏழையின் கையைச் சேரட்டும். வீண் விரயம் செய்வோரைத் திருமறையின் 17ஆவது அத்தியாயம் ஷைத்தானின் கூட்டத்தாராக எச்சரிக்கிறது; விரயமும் கருமித்தனமும் இல்லாத நடுநிலையை 25ஆவது அத்தியாயம் நல்லடியாரின் பண்பாகக் காட்டுகிறது.

கடன் இல்லாத மனத்துடன் பெருநாள் தக்பீர் முழங்கும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.