எதிர்க்கட்சிக்காரரின் பத்திரிகை

சித்தாந்தப் பகையால் பிளவுண்ட சமூகம் என்றவுடன், 1961 முதல் 1989 வரை பெர்லின் நகரை இரு கூறாக்கி நின்ற சுவர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் சுவருக்குக் கிழக்கே வாழ்ந்த ஜனங்கள், பகலெல்லாம் தங்கள் அரசாங்கத்தின் பிரசாரத்தைக் கேட்டுவிட்டு, இரவானதும் வீட்டுக்குள் மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். அதன் அலைகள் எட்டாத டிரெஸ்டன் வட்டாரத்தை, ஏதும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு என்று மற்றவர்கள் பரிகசித்தார்கள். எதிர்த்தரப்பின் குரல் காதில் விழாமற்போவதையே அவர்கள் பெருங்குறையாகக் கருதினார்கள் என்பதுதான் இதில் என் மனத்தைத் தொட்ட விஷயம்.

நமது கொங்கு நாட்டில் சுவர் எழுந்ததில்லை. கொள்கைப் போருக்கோ குறைவிருந்ததில்லை. 1925-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி ஈரோட்டில் பெரியாரின் 'குடி அரசு' வார இதழ் பிறந்தது. பிற்காலத்தில் நாஸ்திகப் பிரசாரத்துக்குப் பெயர்பெற்ற அந்தப் பத்திரிகையின் காரியாலயத்தைத் திறந்துவைத்தவர், திருப்பாதிரிப்புலியூர்ச் சைவ மடத்தின் தலைவரான ஞானியார் சுவாமிகள். அதே ஆண்டில், ஈரோட்டிலிருந்து மாட்டு வண்டியில் ஒரே பகலில் போய்ச் சேரக்கூடிய திருச்செங்கோட்டுப் பக்கத்துப் புதுப்பாளையத்தில், ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். அங்கிருந்து 1929-இல், கல்கியின் துணையோடு, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் பத்திரிகை வெளிவந்தது. கதரையும் கள்ளுக்கடை மறியலையும் ஒரு காலத்தில் ஒன்றாகவே போற்றிய பெரியாரும் ராஜாஜியும், முன்னவர் காங்கிரஸைத் துறந்தபின், தமிழகத்தின் இரு துருவங்களாக நின்றார்கள்.

தலைவர்களின் நட்பையும் பிணக்கையும் பற்றிப் பேசியவர்கள் அநேகர். அவர்கள் எழுதியதை வாசித்தவனையும், வாசிக்கத் தெரியாமல் காதால் கேட்டவனையும் பற்றிப் பேசவே நான் ஆசைப்படுகிறேன். எழுத்தறிந்தவர் சிலராகவே இருந்த அந்நாளில், பத்திரிகை என்பது தனியொருவர் மடியில் விரித்துக்கொள்ளும் பொருளாக இல்லை. டீக்கடைப் பெஞ்சிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், மில் வாசலில் ஷிப்டு மாறும் சங்கு ஊதுவதற்கு முன்னும், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்க நியாயமில்லை. கம்யூனிஸ்டுகளின் 'ஜனசக்தி'யைப் படிப்பவரும் பெரியார் இயக்கத்தின் 'விடுதலை'யைப் படிப்பவரும் தேசியச் சார்புள்ள 'தினமணி'யைப் படிப்பவரும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும்போது, எதிர்க்கட்சிக்காரரின் வாதத்தை அறியாமல் தம் வாதத்தைச் சொல்லிவிட முடியாது என்னும் நிர்ப்பந்தம் இருந்தது. அந்த நிர்ப்பந்தமே பாமரனையும் தர்க்கவாதியாக்கிற்று.

திரைப்படத்திலோ இந்தக் கலப்பு இன்னும் ஆச்சரியமாக நிகழ்ந்தது. கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோ, ஸ்ரீராமுலு நாயுடுவின் டைரக்‌ஷனில், 1954-இல் வெளியிட்ட 'மலைக்கள்ளன்' என்ற படத்தின் மூலக்கதையை எழுதியவர், உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதிய காங்கிரஸ்காரராகிய நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. வசனம் எழுதியவரோ தி.மு.க.வின் மு. கருணாநிதி; கதாநாயகன், அக்கட்சியில் சேர்ந்து அதிக காலமாகாத எம்.ஜி.ஆர். காந்தியவாதியின் கற்பனைக்குத் திராவிட இயக்கத்தார் குரல் கொடுக்க, அந்தப் படம் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றதோடு, ஹிந்தி முதலிய பல மொழிகளிலும் மறுபிறவி எடுத்தது. கொட்டகையில் தரை டிக்கெட்டில் அமர்ந்து கைதட்டியவனுக்கு, எந்த வரி எந்தக் கொள்கைக்குச் சொந்தம் என்ற கவலை இருந்திருக்காது.

பகை கொடிதாகவும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர், தொழிற்சங்கப் பகையில் எழுந்த ஒரு கொலை வழக்கில், 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ரணம் இன்னும் ஆறவில்லை.

பின்னர் பனிப்போர் என்னும் உலகத்தின் பெரும்போட்டியே தமிழில் பேசிக்கொண்டு நம் வீடுகளுக்கு வந்தது. மாஸ்கோவில் அச்சாகி மிக மலிவாய்க் கிடைத்த ருஷ்ய இலக்கியத்தின் தமிழாக்கங்கள் ஒருபுறம், 'அமெரிக்கன் ரிப்போர்ட்டர்' பத்திரிகை மற்றொருபுறம்; 'சோவியத் நாடு' சஞ்சிகையின் வழவழப்பான தாள்களோ, எந்தச் சித்தாந்தமும் அறியாத பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டையாகிப் பள்ளிக்கூடத்துக்குச் சென்றன. 1962-இல் சீனாவோடு யுத்தம் மூண்டது. மறு வருஷமே பீகிங் வானொலி தமிழில் பேசத் தொடங்கிற்று. சிற்றலையைத் திருப்பினால் மாஸ்கோ, பீகிங், லண்டன், இலங்கை என எல்லாரும் தமிழிலேயே வாதாடினார்கள். எவர் சொல்வது மெய் என்று தீர்மானிக்கும் பொறுப்பு கேட்பவனிடம் விடப்பட்டிருந்தது.

இன்றோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அவரவர் விரும்பியதையே அது மேன்மேலும் கொண்டுவந்து தருகிறது. பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்த்துக் கோபப்படுகிறார் என்பதே நமக்குத் தெரிவதில்லை. எதிர்த்தரப்பாரின் மீது நமக்குள்ள வெறுப்பைக் காட்டிலும், அவர்களுடைய பேச்சே நமக்குக் கேட்காமற்போனதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

கொங்கு நாட்டின் பொது நூலகங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 'குடி அரசு', 'விமோசனம்', 'ஜனசக்தி', 'சோவியத் நாடு', 'அமெரிக்கன் ரிப்போர்ட்டர்' ஆகியவற்றின் பழைய பிரதிகள் இந்த வட்டாரத்து வீடுகளின் பரண்களில் இன்னும் மிஞ்சியிருக்குமானால், அவற்றைத் தேடி வாங்கி, கட்சிவாரியாகப் பிரிக்காமல், ஆண்டுவாரியாக ஒரே அலமாரியில் அடுக்கிவைக்க வேண்டும். 1929-ஐப் படிக்க வரும் மாணவன் ஈரோட்டின் வாதத்தையும் புதுப்பாளையத்தின் வாதத்தையும் ஒரே மேஜையில் விரித்துப் படிக்கட்டும். வீட்டில் அத்தகைய பிரதிகளை வைத்திருக்கும் நேயர்கள், பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன், பக்கத்து நூலகருக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள்.