காவலரா, கர்த்தாவா?

(குயிலாப்பாளையத்தில் ஆற்றிய உரை)

கோயிலுக்குச் சொத்து உண்டு. சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. நம் பாட்டன் காலத்தில் அந்த ஆளுக்கு என்ன பெயர்? தர்மகர்த்தா! கர்த்தா என்றால் தலைவன், நினைத்ததைச் செய்பவன். இன்று சட்டம் தரும் பெயர் என்ன? அறங்காவலர். காவலர் என்றால் காப்பவர். காக்கும் பொருள் அவருடையதன்று. கர்த்தாவைக் காவலராக்கியது அகராதி அன்று, சட்டமன்றம்.

நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, 1925இல் வந்த இந்து அறநிலையச் சட்டம் முதல் அடி. ஊரார் எழுதிவைத்த நஞ்சையும் புஞ்சையும் எவர் வீட்டுக் களஞ்சியத்தை நிரப்பின என்று கேட்க வழி பிறந்தது. 'மதம் போயிற்று' என்று கூக்குரலிட்டனர். மதம் போகவில்லை, கணக்குத்தான் வந்தது! 1951இல் விரிவான சட்டம் வந்தது. சிரூர் மடம் வழக்காடியது. 1954இல் உச்சநீதிமன்றம் சில பிரிவுகளைத் தள்ளிற்று; ஆயினும், வழிபாட்டில் தலையிடலாகாது, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்று கோடு கிழித்தது. அந்தக் கோட்டை மதித்து எழுந்ததே 1959ஆம் ஆண்டின் 22ஆவது சட்டம். பின்வந்த திருத்தங்கள், அரசு அமைக்கும் அறங்காவலர் குழுவில் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவரும், பெண் ஒருவரும் இருந்தே தீரவேண்டும் என்றாக்கின. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் பேரன் இன்று வரவுசெலவு ஏட்டில் கையொப்பமிடுகிறான்!

இதை ஏன் குயிலாப்பாளையத்தில் பேசவேண்டும் என்பீர்கள். இவ்வூரை ஒட்டித்தான் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. பல நாட்டார் ஒன்றாய் வாழ ஒரு நகர்! நல்ல எண்ணம். வெயிலில் வெடித்துக் கிடந்த செம்மண் மேட்டைக் காடாக்கிய உழைப்பும் சிறியதன்று. பாராட்டில் நமக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். நிர்வாகம் ஸ்ரீ அரவிந்தர் சங்கத்திடம் இருந்தது. 1973இல் அன்னை மறைந்தபின் சங்கத்துக்கும் நகரவாசிகளுக்கும் பிணக்கு முற்றிற்று; பணம் முறையாகச் செலவாகவில்லை என்றது அரசு அமைத்த குழு. 1980இல் மத்திய அரசு சட்டம் செய்து நிர்வாகத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. சங்கத்தார் எதிர்த்தனர். ஆரோவில் மத நிறுவனம் அன்று, ஆகவே மத உரிமையைக் காட்டி இச்சட்டத்தைத் தடுக்க இயலாது என்று 1982இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்றும் சொல்லிற்று; நம்மவர் அதைக் கவனிப்பதில்லை. அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 10ஆவது இனம், அறக்கட்டளைகளும் அறங்காவலர்களும். அதில் மாநிலமும் சட்டம் செய்யலாம். சங்கங்களோ மாநிலப் பட்டியலில் 32ஆவது இனம். அதைக் காட்டியும் வாதாடினர். நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கும் தனியே குறிக்கப்படாத பொருள் இது, எனவே மத்தியப் பட்டியலின் 97ஆவது இனத்தில் அடங்கும் என்றது. மிச்சம் மீதி எல்லாம் டில்லிக்கு! மண் வானூர் வட்டத்தில், திறவுகோல் டில்லியில்!

1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. சொத்து அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ஆட்சிக் குழுவில் ஒன்பது பேர்வரை: ஏழு பேரை மத்திய அரசு நியமிக்கும், இருவர் மத்திய அரசின் பிரதிநிதிகள். பதிவேட்டில் பெயருள்ள குடியிருப்போருக்கு ஒரு பேரவை. உலகப் பெரியோர்க்கு ஓர் ஆலோசனைக் குழு. ஊராருக்கு? புரட்டிப் பாருங்கள், தோழர்களே! குயிலாப்பாளையத்துக்கென்றோ, சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கென்றோ, தமிழ்நாடு அரசுக்கென்றோ ஒரு நாற்காலிகூட அச்சட்டத்தில் ஒதுக்கப்படவில்லை. நியமிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நியமித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

'ஊராருக்கு வேலை கிடைக்கிறதே!' என்பர். கிடைக்கிறது, மறுக்கவில்லை. கூலி பெறுவோனுக்குக் குரல் கூடாதா? சாலை பொது. குப்பை பொது. நிலத்தடி நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. கோயில் குழுவில் கட்டாய இடம் கேட்டபோது எழுந்த கூக்குரலை நாம் கண்டவர்கள்தாமே!

நாம் கேட்பது முழு அதிகாரமன்று. ஒன்பதில் இரண்டு: ஒன்று சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு, ஒன்று மாநில அரசுக்கு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வல்லது நாடாளுமன்றம் ஒன்றே. ஆயினும் கோரிக்கை இங்கிருந்துதான் புறப்படவேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடும். அடுத்த கூட்டத்தில் இத்தீர்மானத்தை முன்மொழியுங்கள். பெண்கள் திரளாக வரட்டும். நிறைவேறியதும் ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு படி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, ஒரு படி ஆட்சிக் குழுவுக்கு, ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள்.