சொல்லித் தொலை என்றால் எது தொலைகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வகுப்பில் ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் ‘கிவ் அப்’ என்று எழுதி, பக்கத்தில் ‘கைவிடு’ என்று எழுதினேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், கிவ்னா குடு. அப்னா மேல. மேல குடுன்னா எப்படி சார் விட்டுர்றது ஆகும்?” வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. “ஏம்மா, வீட்ல கோவத்துல ‘சீக்கிரம் சொல்லித் தொலை’ங்கிறாங்கல்ல, அதுல எது தொலையுது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணும் தொலையல சார். கேக்குறவங்களுக்குப் பொறுமைதான் போச்சு.”

இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு சாதாரண வினைச்சொல்லோடு அப், அவுட், ஆஃப், டவுன் என்று ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் புதுப்பொருள் உண்டாக்குவது ஆங்கிலத்தின் அன்றாட வழக்கம். அயலார் இதில் திணறுவார்கள் என்று 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் சொல்லிவிட்டார். அந்தச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கப் பாடுபட்டதாகவும் எழுதினார். இதற்கு ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது வெகு பின்னால், 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் புத்தகத்துக்குப் பிறகு. பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் அதைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் ஊரில் இதைக் கற்றுக்கொள்ள நினைப்பவர் முதலில் வாங்குவது ஒரு கைடு. மதுரைப் புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகளிலும் இது கிடைத்தது. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் கிடைக்கிறது. உள்ளே அகரவரிசைப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தமிழ்ச்சொல். மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு எழுதுகிறார்கள். பேச வாய் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. அவர்கள் மேல் தவறில்லை, அந்தப் பட்டியல்மேல்தான் தவறு.

‘எழுது’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி வை என்றால் பின்னால் உதவும். எழுதிக்கொள் என்றால் உனக்காக. எழுதிக்கொடு என்றால் அடுத்தவருக்காக. எழுதிப் பார் என்றால் சரியாக வருகிறதா என்று சோதிக்க. எழுதித் தள்ளினான் என்றால் அளவில்லாமல் எழுதினான். இங்கே யாரும் எதையும் தள்ளவில்லை, எதையும் வைக்கவில்லை. பின்னால் வரும் துணைவினைதான் முன்னால் உள்ள வினைக்கு முகம் கொடுக்கிறது. மதுரைக்காரர் ‘வந்துட்டாப்ல’ என்று சொல்லும்போது அதற்குள் ‘விடு’ ஒளிந்திருக்கிறது. வருகை முடிந்தது என்று அது சொல்கிறது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இந்தத் துணைவினைகளுக்குத் தனி விளக்கமும் வாக்கியமும் கொடுத்தது. அகராதி வேலையில் அதைப் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

இப்போது ஆங்கிலத்து ‘ரைட்’டைப் பாருங்கள். ரைட் டவுன் என்றால் மறக்காமல் குறித்துக்கொள். ரைட் அவுட் என்றால் சுருக்காமல் முழுதாக எழுது. ரைட் அப் என்றால் குறிப்புகளைக் கோத்து அறிக்கையாக்கு. அதே ‘அப்’ ஈட் அப், யூஸ் அப் என்று வரும்போது தின்று தீர்ப்பதையும் செலவழித்து முடிப்பதையும் காட்டுகிறது. நம் ‘தீர்’, ‘முடி’, ‘விடு’ செய்யும் வேலைதான். உசிலம்பட்டி மாணவிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: கிவ் அப்பில் உள்ள அப்புக்கு மேல் கீழ் கிடையாது, அது முற்றுப்புள்ளி.

சில இடங்களில் இரு மொழியும் கைகோத்தே நடக்கின்றன. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி. கல்யாணத்தை ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளிப்போட்ட குடும்பத்துக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

சில இடங்களில் நம் தமிழே நம்மை வழிமாற்றும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ‘கெட் டவுன்’ என்கிறோம், இறங்குவதில் கீழ்நோக்கு இருப்பதால். ஆங்கிலேயர் ‘கெட் ஆஃப்’ என்பார். ஏறுவதற்கு நமக்கு ஒரே சொல். அவர்களுக்கோ பஸ், ரயில் என்றால் ‘கெட் ஆன்’, கார் என்றால் ‘கெட் இன்’. நின்று நடக்க இடமுள்ள வண்டிக்கு ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு ‘இன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. இன்னொன்று: லைட்டை அணைக்க ‘ஸ்விட்ச் ஆஃப் த லைட்’ என்றும் சொல்லலாம், ‘ஸ்விட்ச் த லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ‘இட்’ வந்தால் மட்டும் அது நடுவில்தான் உட்காரும்: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’.

இதெல்லாம் பேச்சு அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பணமும் வேலையும் இந்தச் சின்னச் சொற்களில் தொங்குகின்றன. வங்கிகள் கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தன என்று செய்தி வரும்போது தமிழில் பலமுறை ‘தள்ளுபடி’ என்றே சொல்லிவிடுகிறோம். 2008-இல் மத்திய அரசு விவசாயக் கடனுக்குக் கொடுத்தது தள்ளுபடி. ரைட் ஆஃப் அப்படியல்ல. வங்கி தன் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிடுகிறது, வாங்கியவர் கட்ட வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது. மேலூரில் நெல் போட்டவர், திருமங்கலத்தில் பருத்தி போட்டவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹார்வி மில் இருந்த ஊர் மதுரை. மில் குடும்பங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ‘லே ஆஃப்’, ‘லாக் அவுட்’ இரண்டையும் பிரித்துச் சொல்வார். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி லே ஆஃப் என்பது தற்காலிகமாக வேலை தர முடியாத நிலையாக இருந்தது. வேலைப் பிணைப்பு அறவில்லை, தகுதியுள்ள தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமும் இருந்தது. லாக் அவுட் என்றால் தகராறில் நிர்வாகமே கதவை அடைப்பது. இன்று கம்ப்யூட்டர் கம்பெனியில் ‘லே ஆஃப்’ என்றால் வேலையே போயிற்று என்று பொருள். அப்பாவும் மகனும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு வேறு கதியைப் பேசுகிறார்கள்.

இந்த வித்தியாசங்களைப் பட்டியலில் பிடிக்க முடியாது, பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த அயல்நாட்டுப் பாதிரியார் வீரமாமுனிவர், பேச்சுத்தமிழுக்கென்றே இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சானது. அயல்மொழிக்காரர் ஒருவர் தெருவில் பேசும் தமிழை அவ்வளவு மதித்துக் கேட்டிருக்கிறார். அதே காதை நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் போதும்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் பட்டியலை மூடிவையுங்கள். ‘எழுது’ என்று கரும்பலகையில் எழுதி, அதோடு என்னென்ன சேரும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பத்து வாக்கியம் வந்த பிறகு, பக்கத்தில் ‘ரைட்’ என்று எழுதுங்கள்.