குளத்து நீரும் விழித்திரையும்

(மூலக்குளத்தில் நடைபெற்ற வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



'கண்' என்னும் சொல்லைத் தமிழ் எங்கெங்கெல்லாம் வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். நுங்குக்குக் கண் உண்டு. தேங்காய்க்குக் கண் உண்டு. முரசில் அடிபடும் முகமும் கண்ணே. குளத்துக்குள் நீர் சுரந்து வரும் வழி ஊற்றுக்கண். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு உருபாகவே கண்ணை வைத்தார். வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரமும் கண்விதுப்பழிதலுக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். இத்தனை கண் படைத்த மொழியில், விழிக்குள்ளே நிகழும் ஒரு போரைப் பற்றிப் பேசப் பழக்கத்தில் உள்ள சொல் ஒன்றுகூட இல்லை. அந்தப் போரை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் மதுரையில் இருக்கிறார் என்பதும் இலக்கிய அவைகளில் பேசப்படுவதில்லை. அவர் மருத்துவர் எஸ்.ஆர். இரத்தினம், அரவிந்த் கண் மருத்துவமனையில் விழி உள்ளழற்சிப் பிரிவை வழிநடத்தியவர், கண் மருத்துவத்தோடு முனைவர் பட்டமும் பெற்ற ஆய்வாளர்.

அழற்சி என்றதும் புண்ணும் சீழுமே நினைவுக்கு வரும். இது வேறு. உடலுக்குள் ஒரு காவற்படை உண்டு. அயலாரைக் கண்டால் அழிப்பது அதன் தொழில். ஆனால் விழி ஓர் அந்தப்புரம் போன்றது. படை தன் விருப்பம்போல் அங்கே நுழைய முடியாது. கண்ணின் முன்னறையில் வைத்த அயல் திசு, பிற இடங்களில் வைத்ததைப்போல் எளிதில் அழிக்கப்படுவதில்லை என்பதை மெடாவர் என்னும் ஆங்கில அறிஞர் 1948இல் எழுதினார். இந்த ஒதுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. விழித்திரையின் புரதங்களைக் காவற்படையினர் நன்கு கண்டு பழகியதில்லை. ஏதோ ஒரு நாள் கதவு உடைந்து உள்ளே வருவார்களாயின், சொந்த வீட்டாரையே பகைவரென்று கருதி வெட்டத் தொடங்குவர். ஒரு கண்ணில் காயம் பட்டு, சில வாரங்களோ திங்களோ கழித்துக் காயமே படாத மறுகண்ணும் அழற்சியுற்று ஒளி இழப்பது இதனால்தான். மேலை மருத்துவர் இதற்குப் 'பரிவு' என்று பொருள்படும் பெயரிட்டனர். பெயரிட்டவருக்குக் கவிதை மனம் இருந்திருக்கலாம். நோயுற்றவனுக்கு அதில் பரிவு ஏதுமில்லை.

இந்நோய்க் குடும்பத்தின் பொதுப்பெயர் யூவைடிஸ். இலத்தீன மொழியில் ஊவா என்றால் திராட்சை. விழியின் வெளியுறையை உரித்தால் உள்ளிருப்பது கருந்திராட்சைபோல் தோன்றும் என்பதால் வந்த பெயர்.

இரத்தினம் அவர்களின் ஆய்வு வாழ்வில் பெயர் பெற்ற பகுதி ஒரு மழையிலிருந்து தொடங்குகிறது. 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மதுரை வட்டாரத்தில் பெருவெள்ளம் வந்தது. அதன்பின் கண் சிவந்து பார்வை மங்கியவர்கள் வழக்கத்தை மிஞ்சிய எண்ணிக்கையில் மருத்துவமனைக்கு வரலாயினர். அழற்சி விழியின் எல்லாப் பகுதிகளிலும் பரவியிருந்தது. பலருக்கு விழித்திரையின் குருதிநாளங்களைச் சுற்றி வெண்ணிறப் படிவு காணப்பட்டது. சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. இரத்தினமும் உடனிருந்தோரும் அவ்வாறு செய்யவில்லை. வெள்ளத்தையும் விழியையும் இணைக்கும் நூல் எது என்று தேடினர். கிடைத்த விடை, எலியின் சிறுநீரால் நீரிலும் சேற்றிலும் பரவும் லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ நுண்ணுயிர். 73 நோயாளரைப் பற்றிய அக்கட்டுரை 1997இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, நுண்ணுயிரின் மரபுப்பொருள் விழிநீரில் இருப்பதைக் காட்டும் மற்றொரு கட்டுரையும் கலிபோர்னிய ஆய்வாளரோடு இணைந்து வந்தது.

இதில் உள்ள அவலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாற்று நடுபவன் காலில் சிறு கீறல். அதன்வழி நுண்ணுயிர் புகும். காய்ச்சல் வரும், போகும். காய்ச்சலை மறந்த பிறகு, சில திங்கள் கழித்துக் கண் மங்கும். வயற்சேற்றுக்கும் கண்ணுக்கும் உறவுண்டென்று அவன் எங்ஙனம் அறிவான்? பகைவன் ஏறக்குறைய ஒழிந்த பின்னும் படை ஓயாமல் வாள் வீசுவதே இங்கு நோய். குதிரைகளுக்கும் இது வரும். விட்டுவிட்டு வருவதால் திங்களின் வளர்தேய்வோடு தொடர்புபடுத்தி 'நிலாக் குருடு' என்றனர் ஐரோப்பியர். அந்த நுண்ணுயிரின் சில புரதங்கள் விழித்திசுவின் புரதங்களை ஒத்திருப்பதைக் குதிரைகளில் பின்னர்க் கண்டறிந்தனர். ஒப்புமையால் வந்த கேடு. உவமைகளைக் கையாளும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பாகூரின் நெல்வயல்களில் சேற்றில் நிற்பவர்களுக்கு இச்செய்தி தொலைவிலுள்ளது அன்று. புதுவைக்கும் இம்மருத்துவமனைக்கும் உறவு பெயரிலேயே இருக்கிறது. 1976இல் 11 படுக்கைகளோடு அதனைத் தொடங்கிய கோ. வெங்கடசாமி, புதுவை அரவிந்தரின் வழி நின்றவர். தவளக்குப்பத்தில் அதன் கிளை 2003இல் எழுந்தது. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தார். எட்டயபுரத்துப் பாரதி புதுவையை விட்டு நீங்கியதும் அதே ஆண்டில்தான். இளமையில் முடக்குவாதம் அவர் விரல்களை வளைத்துவிட்டது. வளைந்த விரல்களாலேயே கண் அறுவை செய்தார். முடக்குவாதமும் உடலின் படை உடலையே தாக்கும் நோய் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஏனெனில் அந்நோய்க்குத் தரப்படும் மருந்து ஒன்று, பின்னாளில் இரத்தினம் அவர்களின் ஆய்வில் நடுநாயகமாய் அமைந்தது.

அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். மலிவானது. விழி உள்ளழற்சிக்கு முதலில் தரப்படுவது ஸ்டீராய்டு. அதை நீண்டநாள் தந்தால் கண்புரையும் விழியழுத்த நோயும் வரும். எனவே படையை அடக்க வேறு மருந்து வேண்டும். மைக்கோபினோலேட் என்னும் விலைமிக்க மருந்தே மேலானது என்று மருத்துவருட் பலர் நம்பினர். நம்பிக்கை சான்றாகாது. முதலில் தமிழ்நாட்டில் 80 நோயாளரை வைத்தும், பிறகு இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் 9 மருத்துவமனைகளில் 216 நோயாளரை வைத்தும் இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டனர். 2019இல் முடிவு வெளிவந்தது. கட்டுரையின் முதற்பெயர் இரத்தினம். ஆறு திங்களில் மெத்தோட்ரெக்சேட் கொண்டவருள் நூற்றுக்கு 67 பேருக்கும், மற்றதைக் கொண்டவருள் 57 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. மொத்தத்தில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பது கணக்கியல் முடிவு. ஆயினும் விலைமிக்கது மேலானது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆடு விற்று மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரி எத்தகைய ஆறுதல் என்பதை ஆய்விதழின் நடை சொல்லாது.

குளக்கரையில் அமைந்த ஊரில் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்று எஞ்சியுள்ளது. ஊர்க் குளத்திலும் ஆற்றிலும் நீராடிய சிறார் சிலரின் கண்ணுக்குள் முத்துப்போன்ற வெண்ணிறக் கட்டி தோன்றுவதை இரத்தினம் குழுவினர் 2002இல் எழுதினர். காசநோயின் கட்டி என்று தவறாகக் கொள்ளத்தக்க தோற்றம் அது. காரணத்தை முற்றாக நிறுவ 2016 வரை ஆயிற்று. கண்ணிலிருந்து எடுத்த கட்டியின் மரபுப்பொருளையும், அதே நீர்நிலையின் நத்தை வெளியிட்ட இளம்புழுவின் மரபுப்பொருளையும் ஒப்பிட்டனர். இரண்டும் தட்டைப்புழு இனம் ஒன்றோடு பொருந்தின. அப்புழு நத்தையில் வளர்ந்து, நீந்தி மீனுள் புகுந்து, மீனை உண்ணும் பறவையின் குடலில் முதிர்வது. நத்தை, மீன், நாரை என்று மருதத் திணையின் கருப்பொருள்களை வரிசையாக வைத்ததுபோல் இருக்கிறது அதன் வாழ்வு. நீராடும் சிறுவனுக்கு அதில் இடமில்லை. மீனைத் தேடி நீந்திய புழு அவன் கண்ணை அடைந்துவிடுகிறது. கண்ணைக் கயலென்று பாடிய புலவர் மரபு நெடியது. புழுவும் அப்படியே மயங்கிற்று போலும்.

சிறிய கட்டி மருந்திலேயே கரையும். பெரியதை அறுவையால் எடுக்கின்றனர். காலந்தாழ்த்தாமல் வந்தால் அச்சிறுவன் மறுபடியும் தன் கண்ணால் பாடநூல் படிக்கலாம். குளத்துக்கு மட்டும் போகாதே என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார்.