கழுவாய் நாளும் கவிஞன் நாவும்



யூதர்களின் திஷ்ரித் திங்கள் பத்தாம் நாள் ‘யோம் கிப்பூர்’. கழுவாய் நாள் என்பது அதன் பொருள். முதல் நாள் கதிரவன் மறையுமுன் தொடங்கி, மறுநாள் விண்மீன்கள் தோன்றும் வரை, ஏறக்குறைய 25 மணி நேரம் உணவில்லை, நீரும் இல்லை. குளியலும் நெய்ப்பூச்சும் தோற்செருப்பும் விலக்கு. ஆயினும் உயிருக்கு இடர் நேருமெனில் நோயாளி உண்டே ஆகவேண்டும் என்கிறது அவர்தம் சமயச் சட்டம். வயிற்றை வருத்துவதோடு அந்நாள் முடிவதில்லை.

அன்று பலமுறை ஓதப்படுவது பாவ அறிக்கை. அது எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தது. நம் ஆத்திசூடி அகர வரிசையில் அறம் உரைக்கிறது. அவ்வறிக்கையோ அகர வரிசையில் பிழை உரைக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கை நெஞ்சைத் தட்டும். எல்லாம் பன்மையிலேயே வரும். களவறியாதவனும் ‘களவு செய்தோம்’ என்றே சொல்கிறான். குற்றம் புரிந்தவன் அவையில் தனித்து நிற்க நேர்வதில்லை.

அதனினும் நீண்ட மற்றோர் அறிக்கையில் புறங்கூறல், வீண்பேச்சு என நாவின் பிழைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சொல்லே தொழிலாகக் கொண்டோர் நின்று கேட்கவேண்டிய இடம் இது.

ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற ‘மிஷ்னா’ ஒரு வரம்பு கட்டுகிறது. இறைவனுக்கு எதிரான பிழையை இந்நாள் தீர்க்கும்; மனிதனுக்கு இழைத்த பிழையையோ, அம்மனிதனின் மனத்தை ஆற்றாதவரை இந்நாள் தீர்க்காது. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் மேலும் சொல்கிறார்: புண்பட்டவன் மன்னிக்க மறுத்தால் துணைவர் மூவரோடு செல்க, மறுத்தால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செல்க. அவன் இறந்துவிட்டானெனில் பதின்மரை அழைத்துச் சென்று, கல்லறை முன் நின்று பிழையைச் சொல்க.

கூர்த்த சொல்லால் தோழனைப் புண்படுத்திய கவிஞன், பின்னர் உருக்கமான கவிதையொன்று எழுதி மனம் ஆறிவிடுகிறான். ஆறியது எழுதியவன் மனம் மட்டுமே. மைமோனிடிஸ் காட்டும் வழியில் கவிதைக்கு இடமில்லை. தோழனின் வாயிற்படி ஏறவேண்டும், அவன் முகம் பார்க்கவேண்டும்.

அந்தியில் ‘நெயிலா’ என்னும் வாயிலடைப்பு வழிபாடு நடக்கும். அதன் முடிவில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதப்படும். நாள் முழுதும் ஓதிய சொற்கள் ஓய, சொல்லற்ற ஓரொலியோடு நோன்பு நிறைவுறும். அதன் பின் விருந்துண்ணலாம். தோழன் வீட்டு வாயில் திறந்திருக்கும்போதே சென்றவனுக்கு அவ்விருந்து இனிக்கும்.