நாளொன்றுக்கு மூன்று கட்டம்



2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகி எங்கள் பேலியகொடை வீட்டுக்குள் வந்தபோது, நாங்கள் முதலில் தூக்கியது அரிசி மூட்டையை. அடுத்தது டீவி. பிறகு அம்மாவின் தையல் மெசின். அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பிஸ்கட் பேணி ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த பதினொரு காமிக்ஸ் புத்தகங்களும் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தன. ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் காய வைத்தேன். காய்ந்ததும் பக்கத்தைப் பிரித்தால் அடுத்த பக்கத்து மையும் சேர்ந்து உரிந்து வந்தது. தைத்திருந்த கம்பியின் துரு நடுப்பக்கங்களில் செம்மஞ்சளாகப் படர்ந்திருந்தது. எல்லாம் போய்க் கடைசியில் முழுதாகத் தப்பியது ஒரேயொரு கட்டம். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர், வாயில் பைப், ஏதோ யோசனையில் இருக்கிறார்.

ரிப் கிர்பி. அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எங்கள் தலைமுறை வாசகர்களுக்கு இரும்புக்கை மாயாவியைத் தெரியும், முகமூடி போட்ட வேதாளரைத் தெரியும். ரிப் கிர்பிக்கு இரும்புக்கையும் இல்லை, முகமூடியும் இல்லை. பியானோ வாசிப்பார், சதுரங்கம் ஆடுவார், பார்வைக் குறைவுக்குக் கண்ணாடி போடுவார். எட்டு வயதிலேயே கண்ணாடி போட்டு, பள்ளிக்கூடத்தில் அதற்கென்று ஒரு பட்டப்பெயரும் வாங்கியிருந்த எனக்கு, கண்ணாடி போட்ட ஒருவர் துப்பறிவாளராக இருக்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய வீட்டுப் பணியாளர் டெஸ்மண்ட் ஒரு முன்னாள் திருடர். பூட்டுத் திறக்க வேண்டிய இடத்தில் எசமானைவிட அவர்தான் கெட்டிக்காரர்.

இந்தக் கதை புத்தகமாகப் பிறந்ததல்ல. 1946ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி அமெரிக்கச் செய்தித்தாள்களில் தினசரிச் சித்திரத் தொடராகத் தொடங்கியது. வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். ஃப்ளாஷ் கார்டன் தொடரை உருவாக்கிய அதே கை. இரண்டாம் உலகப் போரில் மரீன் படைக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஃப்ளாஷ் கார்டன் வேறு ஓவியர் கைக்குப் போயிருந்தது. பெற்ற பிள்ளையைத் திரும்பக் கேட்டும் கிடைக்காத மாதிரி. ஆகவே புதிதாக ஒன்று செய்தார். போருக்குப் போய் வந்த அவருடைய கதாநாயகரும் போருக்குப் போய் வந்த மேஜர்தான். கார்ட்டூன் ஓவியர்களுக்கான ரூபன் விருதும் 1949ஆம் ஆண்டுக்கு இந்தத் தொடருக்காகவே அவருக்குக் கிடைத்தது. 1956 செப்டெம்பரில் கார் விபத்தில் ரேமண்ட் இறந்தார், வயது 46. பிறகு ஜான் பிரெண்டிஸ் தூரிகையை எடுத்து, 1999 ஜூனில் தொடர் நிற்கும் வரை 43 ஆண்டுகள் வரைந்தார். ரேமண்ட் வரைந்ததைவிட நான்கு மடங்கு காலம். ஆனாலும் பேர் என்னவோ ரேமண்டுக்குத்தான்.

தினசரித் தொடர் என்றால் திங்கள் முதல் சனி வரை, நாளொன்றுக்கு ஒரு துண்டு, அதில் அநேகமாக மூன்று கட்டம். ரிப் கிர்பிக்கு ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கமே கிடையாது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு வழக்கு பதின்மூன்று வாரம் ஓடியதாக வைத்துக்கொள்ளுங்கள். 78 துண்டுகள், 234 கட்டங்கள். முதல் கட்டம் நேற்று நடந்ததை ஞாபகப்படுத்தும், இரண்டாவது கதையை ஒரு அடி நகர்த்தும், மூன்றாவது கதவைத் தட்டிவிட்டு நிற்கும். யார் தட்டினார்கள் என்பது நாளைக்கு. சனிக்கிழமை தட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கும்.

இந்தத் துண்டுகளை ஒட்டிப் புத்தகமாக்கும்போதுதான் வில்லங்கம். அதே ஞாபகப்படுத்தல் பக்கத்துக்குப் பக்கம் வரும். "நேற்றிரவு கொலை நடந்த மாளிகையில்..." என்று மூன்றாம் தடவையும் சொன்னால், எங்களுக்குத் தெரியும் ஐயா என்று கத்தத் தோன்றும். ஆகவே பதிப்பாளர்கள் பலர் கத்தரிக்கோலை எடுத்தார்கள். ஞாபகக் கட்டத்தைத் தூக்கினார்கள், நீளப் படத்தை இரண்டு பக்கமும் நறுக்கினார்கள், குறுக்காக ஓடியதை நெடுக்குப் பக்கத்தில் அடைத்தார்கள். கதை வேகமாக ஓடியது, சரி. ஆனால் ரேமண்ட் ஒரு கோட்டின் மடிப்பிலும் சன்னல் தட்டியின் நிழலிலும் மை பூசி ஒளித்து வைத்த தடயம் சில நேரம் அந்த நறுக்கலோடு போய்விட்டது. துப்பறியும் கதையில் ஓரத்தை வெட்டுகிறவன் சாட்சியைக் கலைக்கிறவன். என்னைக் கேட்டால், நான் அவர்களை மன்னிக்க மாட்டேன்.

தமிழில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. பேச்சுக் குமிழி ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. அங்கே இரண்டு சின்னச் சொல்லில் முடிவது இங்கே 'தப்பித்துப் போய்விட்டான்' என்று நீளும். குமிழிக்குள் நான்கு வரி கொள்ளாது. தமிழில் எழுதியவர்கள் சொல்லைச் சுருக்கிச் சுருக்கியே ஒரு தனி நடையை உண்டாக்கிவிட்டார்கள். "ஆ! இது என்ன? மாயம்!" என்று நாங்கள் ஒழுங்கையில் விளையாடும்போது பேசியது அந்தக் குமிழித் தமிழ்தான்.

அந்தத் தமிழின் பிறப்பிடம் சிவகாசி. பட்டாசும் நாட்காட்டியும் உருவாகிற ஊர். சௌந்திரபாண்டியன் என்பவர் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1984இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். சிவகாசிக்கும் பேலியகொடைக்கும் நடுவே கடல் இருந்தது, சட்டமும் இருந்தது. எழுபதுகளின் முதற்பாதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. அதனால் நம்முடைய எழுத்தாளர்களுக்கு இடம் கிடைத்தது, வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு இலக்கியக் கொள்கை எங்கே விளங்கும்? எங்களுக்குக் காமிக்ஸ் வந்தது இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் வந்தவர்களின் சூட்கேஸில். சேலைகளுக்கு அடியில் இரண்டு, மூன்று. அது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் ஒரு மாதம், வெள்ளவத்தையில் மாமா வீட்டில் ஒரு மாதம் என்று தங்கி எங்களிடம் வந்து சேரும்போது அட்டை போயிருக்கும், கடைசி நாலு பக்கமும் போயிருக்கும்.

கொலைகாரன் யாரென்று சொல்லாத துப்பறியும் கதைகளை நான் ஏராளமாக வாசித்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பன் அப்போது உதவிக்கு வருவான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் சித்திரக்கதையில் ஊறியவன். ஜி. எஸ். பெர்னாண்டோ 1951இல் லங்காதீபவில் வரைந்த நீலா தொடங்கி, சிங்களத்தில் அந்தக் கலை பெரிதாக வளர்ந்திருந்த காலம் அது. அவன் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லுவான்: "இவன் கையுறை போட்டிருக்கிறான், முந்தின படத்தில் இல்லை." நான் எழுத்துக் கூட்டி வாசித்ததில் தவறவிட்டதை அவன் எழுத்தே தெரியாமல் பிடித்துவிடுவான். கடைசிப் பக்கத்தை நாங்கள் இருவருமாகக் கற்பனை செய்து, கணக்குக் கொப்பியில் கட்டம் போட்டு வரைவோம்.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டுப் புத்தகங்கள் வீட்டோடு போயின. மிஞ்சிய பதினொன்றும் அவன் வீட்டில் இரவலாக இருந்தவை. நாங்கள் திரும்பி வந்த பிறகு பிஸ்கட் பேணியில் போட்டு அவனுடைய அம்மா கொண்டுவந்து தந்தார். வெள்ளம் எடுத்தது அந்தப் பேணியைத்தான்.

இப்போது உலகமெங்கும் பழைய செய்தித்தாள் தொடர்களைத் தேடி, ஆண்டு வரிசையில் கெட்டி அட்டையில் போடுகிறார்கள். செஸ்டர் கூல்ட் 1931இல் தொடங்கிய டிக் ட்ரேசி 29 தொகுதிகளாக வந்து முடிந்திருக்கிறது. அந்தத் துப்பறிவாளர் 1946 ஜனவரியில் மணிக்கட்டில் ஒரு வானொலியைக் கட்டிக்கொண்டார். பேசவும் கேட்கவும் கூடிய கருவி. ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்துகொண்டு அதைக் குறிப்பிடாமல் விட்டால் இந்த வானொலித் தொழிலுக்கே துரோகம். ரிப் கிர்பியின் முதல் தொகுதி அமெரிக்காவில் 2009இல் வந்தது. சிவகாசியும் சும்மா இருக்கவில்லை. வேதாளர், மாண்ட்ரேக், காரிகன், ரிப் கிர்பி நால்வரையும் 'ஸ்மாஷிங் 70ஸ்' என்ற வரிசையில் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக மறுபடி கொண்டுவந்தார்கள். காரிகனையும் 1934இல் முதலில் வரைந்தவர் ரேமண்ட்தான் என்பது ஒரு துணைத் தகவல்.

டொரோண்டோவில் இருக்கும் அக்கா ரிப் கிர்பியின் அந்த அமெரிக்கத் தொகுதியை அனுப்பியிருக்கிறா. வெட்டாத துண்டுகள், ஒவ்வொன்றின் மூலையிலும் திகதி. கோடு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. சிறுவயதில் நாங்கள் இருட்டு என்று நினைத்த இடங்களில் திரைச்சீலையும் புத்தக அலுமாரியும் இருக்கின்றன. ஞாபகப்படுத்தும் கட்டங்களும் அப்படியே இருக்கின்றன, சலிப்புத் தட்டுகிறது. அதனால் ஒரு யோசனை செய்தேன். இது எப்படி வந்ததோ அப்படியே வாசிப்பது. நாளொன்றுக்கு ஒரு துண்டு. காலையில் தேத்தண்ணியோடு மூன்று கட்டம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவது. ஞாயிறு விடுமுறை. நம்பமாட்டீர்கள், சலிப்பாக இருந்த அந்தக் கட்டம் மறுநாள் காலையில் தேவையாக இருக்கிறது. நேற்று என்ன நடந்தது என்று எனக்கும் மறந்துதான் போகிறது. வயது வேறு.

மகனுக்கு இந்தப் பத்தியம் ஒத்துவரவில்லை. போன சனிக்கிழமை இரவு முழுத் தொகுதியையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டான். காலையில் என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்றேன்.

"சொல்லமாட்டன் அப்பா. நாளைக்கு டெஸ்மண்ட் கதவு திறக்கிற படத்தை மட்டும் வடிவாப் பாருங்கோ."

இன்றைக்கு எனக்குப் பன்னிரண்டாவது துண்டு.